காய்ந்த பக்கத்தில் வெட்டிய பள்ளம்

புரட்டாசி மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு ஆலங்குடியிலிருந்து என் சொந்தக் காரில் கிளம்பினேன். சொந்தக் கார் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே புதுக்கோட்டைச் சாலைக்கு மண் அடித்தபோது எனக்கு வயது பதினான்கு. தலையில் சும்மாடு, காலில் ஒன்றுமில்லை. படிப்பு நாலாம் வகுப்போடு சரி. இன்றைக்கு என் கொட்டகையில் மூன்று பொக்லைனும் ஐந்து டிப்பரும் நிற்கின்றன. ஆலங்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் மூன்று தாலுகாவிலும் சேர்த்து இருபத்திரண்டு கண்மாய்க்குக் கரை போட்டிருக்கிறேன். ஒன்றுகூட உடைந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போகிற இடம் தெற்கு சூடான். ஆப்பிரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. தனி நாடாகி அதிக வருடம் ஆகவில்லை. ஆன நாள் முதல் பாதி நாள் சண்டை. சண்டைக்குப் பயந்து ஓடி வந்த ஜனங்கள் ஓர் இடத்தில் முகாம் போட்டுக் குடியிருக்க, அந்த முகாமைச் சுற்றி வெள்ளம் வந்து நின்றுவிட்டது. வருடக் கணக்காக வடியாத வெள்ளம். முகாமைச் சுற்றி மண்கரை போட்டு, அந்தக் கரைக்குள்ளே ஜனங்கள் உயிரோடு இருக்கிறார்கள். முகாமின் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. மற்ற ஊர்ப் பெயரெல்லாம் உள்ளபடி.

என்னைக் கூப்பிட்டவர் கோட்டைப்பட்டினத்து ஜமால். விசைப்படகுக்குப் போன குடும்பத்துப் பிள்ளை, இன்ஜினியரிங் முடித்து ஒரு நிவாரண அமைப்பில் அங்கே வேலை பார்க்கிறார். கோட்டைப்பட்டினத்தில் நான் ரோட்டுக்கு மண் அடித்த காலத்திலிருந்து பழக்கம். நம் பக்கத்து வழக்கப்படி அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மாமா. ஆவணியில் ஒரு நாள் போன் செய்தார்.

“மாமா, இங்கிட்டு ரெண்டு பொக்லைன் இருக்கு. ஒண்ணு சேத்துல பொதைஞ்சு போச்சு. இன்னொண்ணுக்கு டீசல் இல்ல, டீசல் வர்ற ஆத்துல சண்டை. கையால கரை போடத் தெரிஞ்ச ஆளு எங்க ஆபீஸ்ல ஒருத்தருகூடக் கெடையாது.”

“கையால போட்டவன்தானடா நானு,” என்றேன்.

வீட்டில் என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “அறுபத்தொம்பது வயசுல ஒங்களுக்கு எதுக்கு அங்கிட்டு? இங்க யாரும் மாலை போடலையா?” என்று கேட்டாள். அவள் சொன்னதில் உண்மை இருந்தது.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி விமான நிலையம் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் ஏறப்போகிற சின்ன விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோதான் அனுமதி என்று ஜமால் சொல்லியிருந்தார். என் பெட்டியில் பதினாறு கிலோவுக்கு மம்பட்டித் தலை இருந்தது, பிடி இல்லாமல் எட்டு. புதுக்கோட்டையில் பட்டறையில் நின்று அடித்து வாங்கியது. நாலு வேட்டியும் இரண்டு சட்டையும் தோள்பையில். திருச்சியில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி மம்பட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கரை போடப் போகிறேன் என்றேன். அவர் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியை மூடினார்.

மும்பை போய், அங்கிருந்து அடிஸ் அபாபா. ஐந்தரை மணி நேரம். அங்கே நாலு மணி நேரம் உட்கார்ந்து மறு விமானம். மறுநாள் மதியம் ஜூபாவில் இறங்கினேன். அதுதான் தலைநகரம். வெயில் நம் திருமயம் வெயில் மாதிரி, புழுதி செம்மண் புழுதி. விமான நிலையத்து வாசலில் ஒரு பெண் மரத்தடியில் டீ விற்றாள். ஒரு கிளாஸ் இரண்டாயிரம் பவுண்டு. பயப்பட வேண்டாம், நம் காசுக்கு நாற்பது ரூபாய்க்குள். பணத்தைக் கட்டாகக் கட்டி ரப்பர் போட்டுத்தான் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

ஜூபாவில் ஒரு நாள் தங்கினேன். மறுநாள் காலை எட்டரைக்கு நிவாரண விமானம். பதினெட்டுப் பேர் உட்காரலாம். ஒன்றே முக்கால் மணி நேரம் வடக்கே. நான் முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். சக்கரம் தரையைத் தொட்டபோதுதான் கண் விழித்தேன்.

முகாமில் முதல் நாள். ஓடுபாதையில் இறங்கியதுமே இரண்டு பக்கமும் தண்ணீர். ஓடுபாதை, முகாம், இரண்டையும் சேர்க்கும் ஒரு பாதை, இவ்வளவுதான் நிலம். மீதியெல்லாம் அடிவானம் வரை பழுப்புத் தண்ணீர், நடுநடுவே பட்ட மரங்கள், ஒரு பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை. மாடு மேய்த்துப் பிழைத்த ஜனங்கள் அவர்கள். மாடு வெள்ளத்தில் போயிற்று, மீதி சண்டையில் போயிற்று. அல்லிக் கிழங்கைத் தண்ணீரில் மூழ்கிப் பறித்து வந்து காய வைத்து இடித்துத் தின்கிறார்கள். அரிசியும் சோளமும் வெளியிலிருந்து வந்தால் உண்டு. வந்த சாக்குகளை வாசலில் விரித்துப் பெண்கள் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கியதைப் பார்த்தேன். எனக்கு முந்தைய தலைமுறை சொன்ன பஞ்சக் கதையை நான் பாதி நம்பாமல் கேட்டவன். அன்று நம்பினேன்.

ஜமால் கரையைச் சுற்றிக் காட்டினார். வடகிழக்கு மூலையில் நானூறு மீட்டர் நீளம் கரை தாழ்ந்து கிடந்தது. வெளியே கழுத்தளவு தண்ணீர். அது கரை மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே நின்றது. ஒரு மூங்கிலில் கோடு போட்டு நட்டிருந்தார்கள்; தினமும் விரற்கடை அளவு ஏறுகிறது. மேலேயுள்ள ஆற்று வெள்ளம் இன்னும் இருபது நாளில் உச்சத்துக்கு வரும் என்று கணக்கு. அதற்குள் இந்த நானூறு மீட்டரையும் இரண்டு அடி உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் அந்த மூலையில் உள்ள ஆயிரம் குடிசைக்குள்ளும் தண்ணீர் வரும். அவர்கள் போக வேறு இடம் கிடையாது. தண்ணீரைத் தாண்டினால் சண்டை.

வேலைக்கு இருநூற்று அறுபது பேர், முக்கால்வாசி பெண்கள். அவர்களுக்குத் தலைவி நியாபோல். நாற்பது வயது இருக்கும், என்னைவிட ஒரு முழம் உயரம். பக்கத்தில் அவள் கொழுந்தன் கத்லுவாக். சண்டையில் முழங்காலில் குண்டு பட்டு ஒரு கால் மடங்காது, ஊன்றுகோல். அவரால் மண் சுமக்க முடியாது என்பதால் ஒவ்வொரு சாக்கு மண்ணுக்கும் ஒரு கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டு நடை எண்ணுகிற வேலை.

சவூதியில் ஆறு வருடம் மண் வெட்டிய அரபி எனக்கு இருந்தது. அவர்கள் பேசுவது வேறு மாதிரி அரபி, ஆனாலும் ஒன்றுக்குப் பாதி புரிந்தது. என்னைக் ‘கவாஜா’ என்றார்கள். வெளிநாட்டுத் துரை என்று அர்த்தமாம். கத்லுவாக் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, பெண்களெல்லாம் சிரித்தார்கள். என்ன என்று நியாபோலைக் கேட்டேன். “இவ்வளவு கிழவனான கவாஜாவை இதுவரை அனுப்பியதில்லை என்கிறான்,” என்றாள். நான் உள்ளங்கையை விரித்துக் கத்லுவாக் முகத்துக்கு நேரே காட்டினேன். காய்ப்பைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு அவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது.

இரண்டாம் நாள். மண் எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. அமைப்பின் திட்டப்படி ஓடுபாதையின் மறுகோடியில் உள்ள மண்மேட்டிலிருந்து டிராக்டரில் கொண்டுவர வேண்டும். மூன்று கிலோமீட்டர். இருப்பது இரண்டு டிராக்டர், அதற்கும் டீசல் ஒரு நாளைக்குச் சில நடைக்குத்தான். நான் கரைமேல் நின்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் ஆகும்.

“டிராக்டரே வேணாம் மாப்ளே,” என்றேன். கரையடியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, காய்ந்த பக்கத்தில், நீளவாக்கில் பள்ளம் எடுப்போம். பதினைந்து அடி அகலம், ஐந்தடி ஆழம். வெட்டுகிறவர் வெட்ட, சுமக்கிறவர் இருபது தப்படி நடந்தால் கரை. நம் ஊரில் ஒவ்வொரு கண்மாய்க் கரையும் இப்படித்தான் எழுந்தது.

ஜமால் தயங்கினார். அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது, படம் போட்ட புத்தகம். “மாமா, கரைய விட்டு நல்லாத் தள்ளித்தான் மண்ணு எடுக்கணும்னு இதுல போட்டிருக்கு.”

“அத எழுதுனவன் எத்தனை கரை போட்டிருக்கான்?”

“அது தெரியாது மாமா.”

“நான் இருவத்திரண்டு.”

அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அப்போது எனக்கு அது வெற்றியாக இருந்தது.

பக்கத்தில் நின்ற நியாபோல் அப்படி விடவில்லை. அவள் கரையிலிருந்து இறங்கி, நான் கோடு போட்ட இடத்தில் குந்தி, கையால் ஒரு முழம் தோண்டினாள். மேலே கறுப்புக் களி. அதற்குக் கீழே சாம்பல் நிற மணல். மணலை எடுத்து என் கையில் வைத்தாள். தாங்கள் கரையைப் பூசுவது தண்ணீர்ப் பக்கத்துச் சேற்றை எடுத்துத்தான் என்றாள். தண்ணீரில் இறங்கி, காலடியில் உள்ள களியைக் கையால் வாரி, உருட்டி, கரையில் அப்புவார்கள். இந்தப் பக்கம் தோண்டினால் தண்ணீர் கரைக்கு அடியில் வரும் என்றாள். என் அரபிக்கு அது தெளிவாகவே புரிந்தது. நான் சிரித்தேன். சேற்றை உருட்டி நானூறு மீட்டருக்கு அப்ப எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அவள் குடிசை பள்ளத்துக்கான கோட்டிலிருந்து நாற்பது அடிதான்.

மூன்றாம் நாள் வேலை தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அப்படிப்பட்ட வேலைக்காரர்களை நான் பார்த்ததில்லை. கொண்டுபோன மம்பட்டிக்கு அங்கேயே மரத்தில் பிடி செதுக்கினோம். முறத்தில், சாக்கில், அறுத்த பிளாஸ்டிக் குடத்தில் மண் போயிற்று. ஆழம் தெரிவதற்காக நம் ஊரில் பள்ளத்துக்கு நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டுவைப்போம். அங்கேயும் இருபது தப்படிக்கு ஒரு திட்டு விட்டேன். பார்க்க அழகாக இருந்தது. காலை ஆறிலிருந்து பதினொன்று வரை, பிறகு மூன்றிலிருந்து ஆறு வரை. கத்லுவாக் டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி, பின்தங்குகிறவர்களைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வார். என்னையும் விடவில்லை. நான் ஒரு நடை சுமந்துவிட்டு மூச்சு வாங்க நின்றால், டப்பாவிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே போடுவார்.

சனிக்கிழமைதோறும் ஒத்திகை நடக்கும். ஜமாலின் அமைப்பு சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொரு மூலையிலும் ஓர் இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதை விடாமல் அடித்தால் கரை உடைந்தது என்று அர்த்தம். அடித்ததும் எல்லோரும் கையில் கிடைத்ததோடு பக்கத்துக் கரைமேல் ஏற வேண்டும், ஏனென்றால் முகாமுக்குள் மேடு என்பது அது ஒன்றுதான். நம் கட்டுமாவடியில் புயல் பாதுகாப்புக் கட்டிடம் இருக்கிறது, போனில் எச்சரிக்கை வருகிறது, பள்ளிக்கூடத்தைத் திறந்து சோறு போடுகிறார்கள். கஜா புயலில் என் தென்னை நூற்று நாற்பது விழுந்தது, ஆனால் நான் மாடியில் இருந்தேன். இவர்களுக்கு இரும்புத் துண்டும் கரையும். பள்ளத்தைத் தாண்ட நான் மூன்று இடத்தில் பலகை போட்டிருந்தேன். ஒத்திகையில் ஜனங்கள் பலகைக்கு முன்னால் வரிசையில் நின்று ஏறினார்கள். கத்லுவாக் கடைசி. எப்போதும் கடைசி. “நிஜமாக வந்தால் ஆட்டை முதலில் தூக்குங்கள், நான் நீந்திக்கொள்வேன்,” என்று கத்திக்கொண்டே வந்தார். அவர் நீந்த மாட்டார் என்று நியாபோல் சொன்னாள். மடங்காத காலோடு யாரும் நீந்த முடியாது.

பதினைந்தாம் நாள், நானூறு மீட்டரும் இரண்டு அடி உயர்ந்துவிட்டது. திட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால். ஜமால் படம் எடுத்தார். நான் கரைமேல் மம்பட்டியோடு நிற்கிற படம். அன்றைக்கே ஆலங்குடியில் எல்லார் போனிலும் அது வந்துவிட்டது. ஜமாலின் மேலதிகாரி ரேடியோவில் என்னிடம் பேசினார். இங்கிலீஷ் புரியவில்லை, குரல் புரிந்தது. நியாபோலிடம் போய், பார்த்தாயா என்றேன். அவள் கரையை மேலும் கீழும் பார்த்து, உயரம் நன்றாயிருக்கிறது என்றாள். 

பதினேழாம் நாள் காலை, பள்ளத்தின் அடி நனைந்திருந்தது. மழையில்லை. மத்தியானம் நாலாவது திட்டுக்குப் பக்கத்தில், உலை கொதிப்பது போல, மணலோடு தண்ணீர் குமிழியிட்டு வந்தது.  எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கரைக்கு அடியில் தண்ணீர் வழி கண்டுபிடித்தால் இப்படித்தான் வரும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கச் சொன்னேன். ஒன்றை அடக்கினால் பத்தடி தள்ளி இன்னொன்று.

அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. நம் கண்மாயில் மண் எடுப்பது கோடையில், வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள்ளே. பின்னால் தண்ணீர் வந்து நிற்கப்போகிற பக்கம் அது. ஊர்ப் பக்கத்துக் கரையடியில் எவனாவது மம்பட்டி வைத்தால் எங்கள் பக்கம் அடி விழும். கரை தன் பாரத்தையெல்லாம் சாய்த்து நிற்பது அந்தப் பக்கத்தில்தான். முகாமில் தண்ணீர்ப் பக்கம் ஏற்கெனவே தண்ணீர். காய்ந்து கிடந்தது ஜனங்கள் இருந்த பக்கம். ஐம்பத்தைந்து வருடமாகக் காய்ந்த இடத்தில் வெட்டிப் பழகிய கை, காய்ந்த இடத்தில் வெட்டிவிட்டது. மண்ணை மேலே ஏற்றிக் கரையின் பாரத்தையும் கூட்டி, அது சாய்ந்திருந்த இடத்தையும் தோண்டியிருக்கிறேன். இருபத்திரண்டு கரை போட்டவனுக்கு இது தெரியவில்லை. ஒரு முழம் கையால் தோண்டியவளுக்குத் தெரிந்தது.

பள்ளத்தை மூட வேண்டும் என்று ஜமாலிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே எல்லோரும் இறங்கினோம். மண் எங்கே இருக்கிறது? டிராக்டர் ஆறு நடை அடித்தது, டீசல் தீர்ந்தது. நானூறு மீட்டரில் இருபது மீட்டர்கூட நிரம்பவில்லை.

பதினெட்டாம் நாள் காலை பத்து மணி பத்து நிமிடம். தண்ணீர் கரையைத் தாண்டி வரவில்லை. கரை உட்கார்ந்தது. நான் முப்பது அடி தள்ளிக் கரைமேல் நின்றேன். நாலாவது திட்டுக்கு எதிரே கரையின் கால் வழுக்கிப் பள்ளத்துக்குள் இறங்கியது, மாடு முன்காலை மடக்கிப் படுப்பது போல, சத்தமே இல்லாமல். பிறகுதான் சத்தம். தண்ணீர் முதலில் பள்ளத்தை நிரப்பியது, அப்புறம் குடிசைகளுக்குள் போயிற்று.

இரும்புத் துண்டை அடித்தார்கள். சொல்லிக் கொடுத்தபடி எல்லோரும் கரையை நோக்கி வந்தார்கள். தரையில் தண்ணீர் முழங்கால் அளவு, எங்கே பார்த்தாலும் ஒரே பழுப்பு. எது தரை, எது பள்ளம் என்று தெரியவில்லை. பலகை மூன்றும் மிதந்து போய்விட்டன. நான் கரைமேல் நின்று கத்தினேன். “அங்கிட்டுப் பள்ளம், அங்கிட்டுப் பள்ளம்” என்று கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. ஜமால் என் தோளைப் பிடித்து உலுக்கி, “மாமா, தமிழ்ல கத்துறீங்க” என்றார். ஆறு வருடத்து அரபியில் ஒரு சொல்கூட அந்த நேரம் என் வாய்க்கு வரவில்லை.

விழுந்தவர்களை விழ விழப் பெண்கள் இழுத்துக் கரையேற்றினார்கள். கை கோர்த்து, பள்ளத்தின் குறுக்கே கயிறு மாதிரி நின்றார்கள். நியாபோல் நடுவில், முந்தின நாள் பாதி மூடிய இடத்தில்; தண்ணீர் அவள் மார்புக்கு. ஆடுகள் வந்தன. பானைகள் வந்தன. கத்லுவாக் அந்த வரிசைக்கு ரொம்பத் தள்ளி, கடைசியாக, தனியாக வந்தார். ஊன்றுகோலைத் தண்ணீரில் விட்டு ஒவ்வொரு அடியாகத் தரையைத் தேடிக்கொண்டே வந்தார். சரியாகத்தான் வந்தார். ஓர் இடத்தில் கோல் தரையைத் தொடவில்லை. கோலின் மேல் சாய்ந்திருந்த ஆள் கோலோடு போய்விட்டார்.

மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்தார்கள். ஆழம் பார்க்க நான் விட்டுவைத்த திட்டில் சட்டை மாட்டியிருந்தது.

புதைக்கக் காய்ந்த நிலம் இல்லை. கரையிலேயே புதைத்தார்கள், உடையாத பகுதியில். அன்றைக்கே நியாபோல் தண்ணீர்ப் பக்கம் இறங்கிவிட்டாள். இருநூறு பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் மூழ்கி மூழ்கி, காலடிக் களியைக் கையால் வாரி, உருட்டி, சாக்கில் கட்டி, உடைப்பில் அடுக்கினார்கள். சுற்றி வளைத்துப் புதுக்கரை. ஆறு நாள். முந்நூற்றுச் சொச்சம் குடிசை கரைந்து போயிற்று; மீதி மூலை தப்பியது. அதைத் தப்ப வைத்தவர்கள் அவர்கள். நான் அந்த ஆறு நாளும் களி சுமந்தேன். யாரும் என்னைச் சுமக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கவாஜா என்றும் யாரும் கூப்பிடவில்லை.

ஏழாம் நாள் பெரியவர்கள் கூடினார்கள். அவர்கள் வழக்கப்படி ஒரு சாவு நடந்தால் அது யாருடையது என்று முடிவு சொல்ல வேண்டும். தெரியாமல் நடந்த சாவானாலும் சரி. இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஜமாலும் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். வெள்ளம் கொண்டுபோன உயிர் இது, தண்ணீருடைய சாவு என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். விருந்தாளி என்று எனக்காகச் சொல்கிறார் என்பது தெரிந்தது. நியாபோல் எழுந்தாள். சத்தம் போடவில்லை.

“தண்ணீர் பள்ளம் வெட்டாது,” என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, எனக்கு வந்த அரபியில், அவள் சொல்வது சரி என்றேன். போன உயிருக்கு ஈடாக அவர்கள் வழக்கத்தில் கேட்கிற மாடு என்னிடம் இல்லை, வாங்கிக் கொடுத்தாலும் மேய்க்க அங்கே நிலமும் இல்லை. கடைசியில் மூத்தவர் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: ஆள் போன இடத்தைப் பள்ளமாக விட்டுவிட்டுப் போகக்கூடாது. அந்த இடத்தை நான் என் கையால் நிரப்ப வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. தண்ணீர்ப் பக்கத்துக் களியைச் சாக்கில் சுமந்து கொட்டினேன்; பதினொரு நாள் ஆயிற்று. கடைசிச் சாக்கைக் கொட்டி மிதித்தபோது நியாபோல் வந்து அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள்.

ஜமால் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையைப் படித்துக் காட்டச் சொன்னேன். எதிர்பார்த்ததற்கு மேல் வந்த நீர் அழுத்தத்தால் கரை சரிந்தது என்று இருந்தது. மண் எங்கிருந்து எடுத்தோம் என்பது அதில் இல்லை.

“ஏன் மாப்ளே?”

“எழுதலாம் மாமா. எழுதுனா, கையால கரை போடுறதே தப்புன்னு முடிவு கட்டி, அடுத்த வருசம் ஒண்ணுமே அனுப்ப மாட்டாங்க. பொக்லைனும் வராது, நீங்களும் வர மாட்டீங்க. இவுங்க என்ன செய்வாங்க?” கொஞ்சம் நிறுத்தி, “கையெழுத்துப் போட்டது நானு. புத்தகத்தை மூடுனதும் நானு,” என்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. 

திரும்பும்போது விமானத்தில் தூங்கவில்லை. மேலேயிருந்து பார்த்தால் முகாம் ஒரு கண்மாய் மாதிரியே இருக்கிறது. நம் கண்மாயில் கரைக்குள் தண்ணீர் இருக்கும், வெளியே ஊர். அது நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து இன்னொன்று, கடைசியில் கட்டுமாவடிப் பக்கம் கடலுக்கு. உடைந்தாலும் போவது ஒரு போகம். இங்கே கரைக்குள் ஊர், வெளியே தண்ணீர். ஊருக்குக் கலுங்கு கிடையாது.

ஐப்பசிப் பாதியில் ஊர் வந்து சேர்ந்தேன். நல்ல மழை. வந்த நாலாம் நாள் ஆலங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா. நான் வருவதற்கு முன்பே நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். பொன்னாடை ஏழு போட்டார்கள். பேசச் சொன்னபோது நான் கத்லுவாக்கைப் பற்றிச் சொன்னேன். பள்ளம் நான் வெட்டியது, வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னாள், நான் சிரித்தேன், ஆள் செத்துப் போனார் என்று சொன்னேன்.  பிறகு கை தட்டினார்கள். தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற வாத்தியார் மைக்கை வாங்கி, “ஆயிரம் குடும்பத்தைக் காப்பாத்திட்டு வந்து, நம்ம அண்ணன் தன் மேலயே பழியப் போட்டுக்குறாரு பாருங்க. இதுதான் தன்னடக்கம்” என்றார். அதற்கும் தட்டினார்கள். இல்லை ஐயா, உண்மையாகவே நான்தான் என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அறுபத்தொன்பது வயதில் எனக்குத் தன்னடக்கம் உண்டு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வாயால் சொன்னால் கை தட்டுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். கரையை உயர்த்தியது நான். அதன் காலை வெட்டியதும் நான். இறந்தவர் பெயர் கத்லுவாக். அவருக்கு முப்பத்தெட்டு வயது.